சூடேறியதும் ஏறி இறங்கும் ஐட்லிங்: இசியூவை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பழைய பெட்ரோல் பிக்கப் டிரக் இருக்கிறது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி இன்ஜெக்டர், மேனுவல் கியர். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிக் காற்றை அளக்கும் மீட்டர் உள்ளது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எந்தக் குறையும் இல்லை. சூடேறிய பிறகு, வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் அணைந்துவிடும். இதற்காக, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலின் ஸ்டாப் ஸ்க்ரூவை நானே ஒரு சுற்றுக்கு மேல் முறுக்கினேன். அதன்பின் அணைவது குறைந்தது; ஆனால் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுழலும் வேகம்) 1,000 ஆர்பிஎம்முக்கும் 1,600க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்குகிறது. ஐட்லிங் வால்வு, த்ராட்டில் சென்சார், ஆக்சிஜன் சென்சார், ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. சாலையில் ஓடும்போது இழுவைக்குக் குறைவே இல்லை. இப்போது இசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வணக்கம். இப்போதைக்கு இசியூவை வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு கோளாறு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது தானாக வந்தது, இரண்டாவது ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பியதால் வந்தது. இரண்டாவதை அகற்றாமல் முதலாவதைத் தேடினால் எந்தச் சோதனையும் உண்மையான விடையைத் தராது. நான்கு பாகங்களை மாற்றியும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

முதலில் ஏறி இறங்குவது ஏன் என்று சொல்கிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது பெட்ரோல் வீணாகாமல் இருப்பதற்காக, த்ராட்டில் மூடியிருந்தும் ஆர்பிஎம் ஒரு வரம்புக்கு மேலே இருந்தால் இசியூ இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். ஆர்பிஎம் இன்னொரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் மீண்டும் பெட்ரோலை விடும். இந்த வரம்புகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்; இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உயர்வாகவும் சூடேறியதும் தாழ்வாகவும் இருக்கும். நீங்கள் ஸ்க்ரூவை முறுக்கியதால் த்ராட்டில் தகடு சற்றே திறந்து நிற்கிறது. ஆனால் புதிய த்ராட்டில் சென்சாரை அந்த நிலையிலேயே பொருத்தியிருப்பார்கள். ஆகவே தகடு முழுக்க மூடியிருப்பதாகத்தான் இசியூவுக்குச் செய்தி போகிறது. தகட்டின் இடுக்கு வழியே போகும் காற்றால் இன்ஜின் 1,600 வரை ஏறுகிறது, வண்டி உருண்டுகொண்டிருப்பதாக எண்ணி இசியூ பெட்ரோலை நிறுத்துகிறது, ஆர்பிஎம் விழுகிறது, பெட்ரோல் திரும்ப வருகிறது, மறுபடி ஏறுகிறது. ஓடுகிற இன்ஜினின் இன்ஜெக்டர் ஒன்றின் மேல் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள்: சீரான டிக் டிக் ஓசை, ஆர்பிஎம் உச்சத்தைத் தொட்டதும் அடியோடு நின்று, கீழே வந்ததும் மறுபடி தொடங்கினால் நான் சொல்வது உறுதியாகிவிடும். உங்கள் இசியூ தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்கிறது என்பதற்கும் அந்த ஓசையே சான்று.

ஆகவே முதல் வேலை, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது. அது ஐட்லிங்கைக் கூட்டிக் குறைப்பதற்கான ஸ்க்ரூ அன்று. கார்புரேட்டர் வண்டிகளில் கை பழகியவர்கள் இதில் தவறுவது இயல்பே. அங்கே அந்த ஸ்க்ரூவுக்கு அந்த வேலை இருந்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் அது, தகடு துளையின் சுவரில் போய் இறுகிக்கொள்ளாமல் தடுக்கும் ஒரு முட்டு மட்டுமே. ஐட்லிங்குக்கு வேண்டிய காற்றைத் தகட்டைச் சுற்றிக்கொண்டு போகும் தனி வழியில், ஐட்லிங் வால்வு வழியாக இசியூவே விடுகிறது. ஸ்க்ரூவின் மரையில் தொழிற்சாலையில் வைத்த பெயின்ட்டின் மிச்சம் இருந்தால் அதுவே பழைய இடத்தைக் காட்டும். இல்லாவிட்டால், தகடு முழுக்க மூடும்வரை ஸ்க்ரூவைத் தளர்த்தி, நெம்புகோலை மெல்லத் தொடும்வரை திரும்ப முறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் கொடுங்கள். இது தற்காலிக நிலைதான்; இறுதி அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும். அதற்கு முன் த்ராட்டில் பாடியின் உட்புறத்தையும் தகட்டின் விளிம்பையும் அதற்குரிய கிளீனரால் துடைத்துக் கரியை அகற்றிவிடுங்கள். தகட்டின் விளிம்பில் படிந்த கரி ஐட்லிங் காற்றைக் குறைத்துவிடும்.

அடுத்து த்ராட்டில் சென்சார். இக்னிஷனை மட்டும் போட்டு, இன்ஜினை ஓடவிடாமல், சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால் தகடு மூடிய நிலையில் பெரும்பாலான வண்டிகளில் 0.5 முதல் 1 வோல்ட் வரை காட்டும். மெல்லத் திறக்கத் திறக்க எங்கும் துள்ளாமல், விழாமல், முழுதாகத் திறக்கும்போது 4 வோல்ட்டுக்கு மேல் போக வேண்டும். சில பழைய சென்சார்களில் வோல்ட்டேஜுக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்ந்தோ ஓர் ஐட்லிங் சுவிட்ச் இருக்கும். அதை ஸ்க்ரூவுக்கும் நெம்புகோலுக்கும் இடையே ஃபீலர் கேஜ் செருகித்தான் அமர்த்த முடியும், கண்ணளவில் அமர்த்தக் கூடாது.

இவ்வளவும் செய்து முடித்தால் ஏறி இறங்குவது நின்றுவிடும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் சூடேறியதும் வண்டி பழையபடி அணையத் தொடங்கும். அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். மூடி மறைக்கப்பட்டிருந்த முதல் கோளாறு வெளியே வந்துவிட்டது என்று பொருள். இனிமேல்தான் தேடுதல்.

உங்கள் கடிதத்திலேயே அதற்கான திசையும் இருக்கிறது: குளிர்ந்த நிலையில் நன்றாக இருக்கிறது, ஓடும்போது நன்றாக இருக்கிறது, சூடான ஐட்லிங்கில் மட்டும் அணைகிறது. குளிர்ந்த இன்ஜினுக்கு இசியூ தேவைக்கு மேல் பெட்ரோல் கொடுக்கும். ஐட்லிங் வால்வையும் அகலத் திறந்து வைக்கும். சூடேறிய பின், 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தை நோக்கி அதைக் குறைத்துக்கொண்டு வரும். எங்கோ ஓரிடத்தில் மீட்டரைத் தொடாமல் காற்று உள்ளே நுழைகிறது என்றால், குளிர்ந்த நேரத்தில் கூடுதல் பெட்ரோல் அந்தக் குறையை மூடிவிடும். சூடேறியதும் கலவை மெலிந்து இன்ஜின் அணையும். வேகமாக ஓடும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு அற்பம். ஐட்லிங்கில் மொத்தக் காற்றே சிறிது என்பதால் அதே கசிவு பெரிதாகிவிடுகிறது. எனவே என் முதல் ஐயம், மீட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே எங்கோ இருக்கும் காற்றுக் கசிவு.

இங்கே மற்ற வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காற்றை மீட்டரால் அளக்காமல், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் பார்த்து பெட்ரோலைக் கணக்கிடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் அதே கசிவு வேறுவிதமாக நடந்துகொள்ளும்: கசிவால் அழுத்தம் கூடும், அதற்கேற்ப இசியூ பெட்ரோலையும் கூட்டும், ஆகவே அணைவதற்குப் பதிலாக ஐட்லிங் உயர்ந்து நிற்கும். தன் வண்டி எந்த வகை என்று தெரியாமல் பிறருக்குப் பலித்த வைத்தியத்தை எடுத்துக்கொள்வது வீண் செலவில் முடியும்.

உங்கள் வண்டியில் கசிவைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாத ஒரு சோதனையோடு தொடங்கலாம். இன்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். கசிவில்லாத இன்ஜின் என்றால், அந்தத் துளை வழியே அளக்கப்படாத காற்று கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பெட்டியில்) புகுந்து, அங்குள்ள ஆவியை இழுக்கும் பிசிவி ஹோஸ் மூலம் மேனிஃபோல்டுக்குள் போவதால், ஐட்லிங் உடனே தடுமாறும் அல்லது இன்ஜின் அணையும். மூடியைக் கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால், அதுபோன்ற ஒரு வாய் வேறெங்கோ ஏற்கெனவே திறந்திருக்கிறது, அல்லது பிசிவி பாதை அடைத்துக் கிடக்கிறது.

பிறகு, மீட்டரிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயைக் கழற்றிக் கையில் எடுங்கள். வண்டியிலேயே வைத்து டார்ச் அடித்துப் பார்த்தது போதாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிக்கப்பை என்னிடம் கொண்டுவந்தார்கள். ரிவர்ஸ் கியர் போட்டு கிளட்சை விட்டால் மட்டும் அது அணையும். முன்னோக்கிப் போகும்போது ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் சென்சார் சென்சாராக அளந்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில் அந்தக் குழாயைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக விரலால் பிரித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, அடிப்பக்கத்து மூன்றாவது மடிப்பின் பள்ளத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கையில் சும்மா பிடித்திருக்கையில் அது ஒரு கோடு போலக்கூடத் தெரியவில்லை. குழாயைச் சற்று வளைத்ததும் உதடு பிரிவதுபோல் திறந்தது. ரிவர்ஸில் இன்ஜின் எதிர்ப்பக்கம் சாயும்போது குழாய் அந்தப் பக்கம்தான் வளைகிறது. அப்போது மட்டும் வெடிப்பு வாய் திறந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்காமல் நான் வேறு எதையும் அளப்பதில்லை.

குழாய் நன்றாக இருந்தால், இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்கம் கேஜ் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ மேனிஃபோல்டில் மாட்டுங்கள். இத்தனை சிறிய கருவி இத்தனை செய்தி சொல்வது வேறெங்கும் இல்லை. கடல்மட்டத்துக்கு அருகில், நல்ல இன்ஜின் சூடான ஐட்லிங்கில் ஏறத்தாழ 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவில் முள்ளை அசையாமல் நிறுத்தும். உயரமான இடத்தில் ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். முள் அசையாமல், ஆனால் தாழ்வாக நின்றால் காற்றுக் கசிவோ, பின்தங்கிய இக்னிஷன் டைமிங்கோ (தீப்பொறி விழும் நேரம்) காரணமாகலாம். சீரான இடைவெளியில் டக் டக்கென்று விழுந்து எழுந்தால் ஒரு சிலிண்டரின் வால்வு சரியாக மூடுவதில்லை. அதற்கு எந்தச் சென்சாரும் மருந்தாகாது. கேஜை மாட்டியபடியே பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், பிசிவி ஹோஸ், பெட்ரோல் ஆவியை இழுக்கும் கேனிஸ்டர் ஹோஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்து அடையுங்கள். எதை அடைத்ததும் முள் துள்ளி மேலேறி ஐட்லிங் நிதானப்படுகிறதோ, கசிவு அந்த ஹோஸிலோ அதன் முனையில் உள்ள பாகத்திலோ இருக்கிறது. பிசிவி ஹோஸை அடைக்கும்போது ஆர்பிஎம் சிறிது குறைவது இயல்பு. அதைக் கோளாறென்று எண்ண வேண்டாம்.

ஹோஸ்களில் இல்லாத கசிவு, மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலோ இன்ஜெக்டர்களின் அடி ரப்பர் வளையங்களிலோ இருக்கலாம். முப்பது ஆண்டுச் சூட்டில் அந்த வளையங்கள் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பலரும் கார்ப் கிளீனரை அந்த இடங்களில் பீய்ச்சுவார்கள். ஆர்பிஎம் மாறினால் கசிவு அங்கே என்று தெரியும். ஆனால் அது தீப்பற்றும் பொருள், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதித்துக்கொண்டிருக்கிறது. பழகாத கைக்கு நான் தண்ணீர் ஸ்பிரேயைத்தான் சொல்வேன். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் பட்டால் அது உள்ளே உறிஞ்சப்பட்டு ஓசை ஒரு கணம் மாறும். இக்னிஷன் ஒயர்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள பட்டறை கிடைத்தால் அதுவே மேல். எந்த வழியானாலும் இன்ஜினை மூடிய அறையில் ஓடவிடாதீர்கள்.

கசிவே இல்லையென்று உறுதியானால், அடுத்த சந்தேகம் ஈஜிஆர் வால்வு. எரிந்த புகையில் சிறிதளவைத் திரும்ப மேனிஃபோல்டுக்குள் விடும் இந்த வால்வு ஐட்லிங்கில் முழுக்க மூடியிருக்க வேண்டும். அதன் இருக்கையில் ஒரு கரித்துண்டு சிக்கி மூட முடியாமல் போனால், ஓடும்போது நன்றாகவும் ஐட்லிங்கில் மட்டும் தடுமாறி அணைவதாகவும் வண்டி இருக்கும். உங்கள் வண்டிக்கும் இது பொருந்தலாம். வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகட்டைச் சோதனைக்காக மட்டும் வைத்து அடைத்துப் பாருங்கள். அணைவது நின்றால் வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். தகட்டை அங்கேயே விட்டுவிடக் கூடாது.

கூலன்ட் வெப்பநிலைச் சென்சாரையும் அளந்துவிடுங்கள். இது மலிவான பாகம், ஆனால் கலவையின் அடிப்படைக் கணக்கே இதன் சொல்லில் நிற்கிறது. சூடாகச் சூடாக இதன் மின்தடை குறையும். பல வண்டிகளில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். சில தயாரிப்பாளர்களின் சென்சார்களில் இந்த எண்கள் பத்து மடங்கு வரை பெரியவை என்பதால் மேனுவலின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கூலன்ட் மட்டம் குறைந்து சென்சாரைச் சுற்றிக் காற்றுக் குமிழி நின்றால் சென்சார் நல்லதாயிருந்தும் பொய் சொல்லும். ரேடியேட்டரை நிரப்பிக் காற்றை வெளியேற்றியதோடு ஐட்லிங் சரியான வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் அழுத்தத்துக்கு ஒரு கேஜ் வேண்டும். உங்களுடையது போன்ற இன்ஜின்களில் ஐட்லிங்கில் பெரும்பாலும் 30 முதல் 40 பிஎஸ்ஐக்குள் இருக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றினால் அது மேலும் 8 முதல் 10 பிஎஸ்ஐ கூட வேண்டும். அப்படிக் கழற்றிய ஹோஸின் முனையை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்து, மேனிஃபோல்டுக்குள் பெட்ரோல் நேராக ஒழுகுகிறது. அப்படியென்றால் இது மெலிந்த கலவையன்று, கொழுத்த கலவை. கேஜை மாட்டுமுன் லைனில் உள்ள அழுத்தத்தை விடுவித்துவிட்டே இணைப்பைத் தளர்த்த வேண்டும்.

இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்க்கும்போது, இசியூ தன் விருப்பப்படி டைமிங்கை முன்னேற்றாதபடி மேனுவல் சொல்லும் இணைப்பைப் பிரித்தோ, இணைத்தோ வைத்த பிறகே டைமிங் லைட்டைப் பிடியுங்கள். இல்லையென்றால் தவறான எண்ணைப் பார்த்துச் சரியாயிருந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவிடுவீர்கள். ஆறு சிலிண்டரும் சமமாக உழைக்கின்றனவா என்று பார்க்க, இன்ஜெக்டர் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றியும் ஆர்பிஎம் குறையவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே உழைக்கவில்லை. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி இதைச் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிப் பாழாக்கும்.

வண்டியில் பதிந்திருக்கும் கோளாறுக் குறியீடுகளையும் படித்துவிடுங்கள். 1996க்கு முற்பட்ட வண்டிகள் பலவற்றுக்கு இன்றைய ஸ்கேனர் பொருந்தாது. அவற்றில் பலவற்றில், சோதனைக்கான கப்ளரில் இரண்டு முனைகளை இணைத்தால் செக் இன்ஜின் விளக்கே கண் சிமிட்டி எண்ணைச் சொல்லும். ஆனால் குறியீடு ஒரு சர்க்யூட்டின் பெயரைச் சொல்கிறதே தவிர, எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. ஆக்சிஜன் சென்சாரின் பெயரோடு மெலிந்த கலவைக்குரிய குறியீடு வந்திருந்தால், சென்சார் நல்ல நிலையில் இருந்து காற்றுக் கசிவைச் சரியாகவே அறிவித்திருக்கலாம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் உங்கள் சென்சாரை மாற்றியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய பாகங்களைத் தூக்கி எறிந்திருக்காவிட்டால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சந்தையில் கிடைக்கும் சில ஐட்லிங் வால்வுகளைவிட வண்டியோடு வந்த வால்வு, சுத்தம் செய்தால், நன்றாகவே உழைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அணைவது நிற்கவில்லை என்றால்தான் இசியூவின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் முதலில் அதற்கு வரும் மின்சாரம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். இசியூவின் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எங்கோ ஓர் எர்த் போல்ட் துருவேறியிருக்கிறது, அதைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். பிறகு இசியூவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்த வயதுடைய இசியூக்களில் உருளை வடிவ கெப்பாசிட்டர்கள் அடியில் கசிந்து பலகையை அரித்திருப்பதுண்டு. மீன் வாடை போன்ற ஒரு வாடையும், கால்களைச் சுற்றிப் பழுப்புக் கறையும் இருந்தால் அவற்றை மட்டும் எலக்ட்ரானிக்ஸ் பழுது தெரிந்தவரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த பின், பேட்டரியின் ஒரு முனையைச் சிறிது நேரம் கழற்றி வைத்து, இசியூ கற்றுவைத்த பழைய கணக்கை அழித்துவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். த்ராட்டில் சென்சாரின் மூடிய நிலை வோல்ட்டேஜ், சூடான ஐட்லிங்கில் வேக்கம் கேஜின் அளவும் முள்ளின் அசைவும், ஆயில் மூடியைக் கழற்றியபோது நடந்தது ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து எங்கே கை வைப்பது என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.